கோதுமையில் ஒன்பது இடங்கள்

ஹோல்ஸ்பாஹ், 29 அக்டோபர் 1989

அன்புள்ள அண்ணா,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மழுப்பாமல் எழுது. நீ அனுப்பிய ஆப்பிள் பெட்டி வந்து சேர்ந்தது. பாதியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் தலைவர் டாக்டர் அமெலுங் இரண்டு எடுத்தார். ஒன்றைக் கடித்துக்கொண்டே இன்னொன்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வகத்தில் இந்த வாரம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பெர்லின், பிரான்ஸ், இன்னும் ஓரிடம் என்று மூன்று இடங்களில் தனித்தனியாக வேலை செய்தவர்கள் செடிகளைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்களாம். சீக்கிரம் அச்சில் வருகிறது. நாங்களும் ஒரு காலத்தில் அதே கோதுமையோடுதான் மாரடித்தோம். உனக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கும், விடு.

ஒரு சின்ன விஷயம். 87 கோடையில் செர்ரி மரங்களில் கட்ட, சூறைக்குருவிகளை விரட்ட என்று ஒரு கட்டு பழைய எக்ஸ்ரே படங்கள் அனுப்பினேனே, அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் எறிய வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுது.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் தங்கை,
வீப்கெ


யோர்க், 12 நவம்பர் 1989

அருமைத் தங்கை, பண்டிதை வீப்கெவுக்கு,

முட்டி வலி என்னை விட்டுப் போகவில்லை. அதற்கும் வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

பெர்லின் சுவர் திறந்த செய்தியை நீயும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். நேற்றுக் கிழக்கிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சின்னக் கார் ஒன்றில் நம் தோப்பு வாசலில் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தேன். அந்த மனிதன் சாப்பிட்டு முடித்து, காம்பை மட்டும் என் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். ஒரு பெட்டியை வண்டிக்குள் திணித்து அனுப்பினேன். பெண்டாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு முகம் தெரியாமல் போனாள்.

உன் படங்கள் விஷயம். முதல் வருஷம் குருவிகள் பயந்தன. இரண்டாம் வருஷம் அவற்றின் மேலேயே உட்கார்ந்து பழம் தின்றன. உங்கள் விஞ்ஞானத்தின் மதிப்பு எங்கள் ஊர்க் குருவிகளிடம் அவ்வளவுதான். மரத்தில் கட்டியதெல்லாம் மழையில் தோல் உரிந்து வெறும் கண்ணாடித் தாளாகிவிட்டது. கொட்டகையில் கட்டுப் பிரிக்காமல் கொஞ்சம் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை. எதற்குக் கேட்கிறாய்? அந்தக் கண்டுபிடிப்புதான் என்ன? எனக்கும் விளங்குகிற மாதிரி எழுது, பார்க்கலாம்.

அப்புறம், டோர்ட்டே எப்படி இருக்கிறாள்? உன்னோடு ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்தாளே, 86 செர்ரிக் காலத்தில் நீ இங்கே கூட்டி வந்தாயே, அவள்தான். இரண்டு வாரம் இருந்து, தின்றது பாதி பறித்தது பாதி. மூன்று வருஷமாக ஒரு வாழ்த்து அட்டை கூட இல்லை. சும்மாதான் கேட்டேன்.

அண்ணன்,
ஹின்ரிஹ்


ஹோல்ஸ்பாஹ், 3 டிசம்பர் 1989

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கேட்டாய், சொல்கிறேன். செடியின் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. சக்தி செய்கிற இடம். அதற்கென்று சொந்தமாகக் கொஞ்சம் மரபணுக்கள் உண்டு. மரபணு என்பது நான்கு எழுத்துகளில் எழுதிய மூலம். மூலத்தை யாரும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுத்து, அந்த நகலைப் படித்துத்தான் புரதம் கட்டப்படுகிறது. நகல் மூலத்தைப் போலவே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது என்னவென்றால், மூலத்தில் சி என்று இருக்கிற சில இடங்களைச் செடி நகலில் மாற்றிவிடுகிறது. எழுத்துகளை நாங்கள் எக்ஸ்ரே படத்தில் பதித்துத்தான் படிப்போம், அதில் அது டி என்று தெரியும். மாற்றிய பிறகுதான் புரதம் சரியாக வருகிறது. அதாவது மூலத்தில் இருப்பது பிழை. அதைச் செடி மூலத்தில் திருத்துவதில்லை. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் மறுபடி மறுபடி திருத்துகிறது.

இத்தனை நாளும் இதற்கு வேறு காரணம் சொன்னார்கள். செடிகளுக்குத் தனி அகராதி, நமக்குப் பிழையாகத் தெரிவது அவற்றுக்குச் சரியான சொல் என்றார்கள். டாக்டர் அமெலுங் ஒரு புத்தகத்தில் அந்த அகராதியைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

செடிகள் இந்தப் பழக்கத்தை எப்போது பிடித்தன, ஏன் விடவில்லை என்று யாருக்கும் தெரியாது. பெரணியில் உண்டா, பாசியில் உண்டா என்று இனிமேல்தான் தேடப்போகிறார்கள்.

அமெலுங் என்னிடம் ஒரு வாக்குமூலம் கேட்கிறார். 86இல் எங்கள் ஆய்வகத்திலும் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வாசகமும் அவரே எழுதிவிட்டார். ஜனவரிக்குள் கேட்கிறார். படங்கள் எங்கே என்றும் கேட்கிறார். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். கொட்டகையில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை.

உன் தங்கை,
வீப்கெ


யோர்க், 17 டிசம்பர் 1989

அன்புள்ள வீப்கெ,

சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உறைபனி. மரம் கத்தரிக்கிற வேலை நிற்கிறது. அதனால் கொட்டகையில் உட்கார்ந்து உன் கட்டைப் பிரித்தேன். வேண்டாம் என்றால் நான் பிரிப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

பதினேழு படங்கள். ஓரத்தில் உன் கையெழுத்து: கோதுமை, 14.5.86, வீ.க்வா. பென்சிலில் இன்னொரு கையெழுத்து: டோ.க. அவள் பெயர் டோர்ட்டே கல்வைட் என்பது எனக்கு மறக்கவில்லை. இரண்டு வருஷம் கூட ஆகாத வேலையைக் குருவிக்கு அனுப்புவீர்களா? எங்கள் ஊரில் பத்து வருஷத்து ரசீதைக்கூடப் பரணில் வைத்திருப்போம்.

என் கடிதத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு பக்கம். டோர்ட்டேவுக்கு ஒரு வரி இல்லை.

நீ எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவு வந்தது. அந்தக் கோடையில் நான் ஒட்டு மரங்களின் அடியில் முளைத்த காட்டுத் தளிர்களை வெட்டிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும், மேலே நல்ல ஜாதி, கீழே வேர்க்கட்டை காட்டு ஜாதி. அது ஒட்டுக்குக் கீழே கிளம்பிக்கொண்டே இருக்கும். அவள் ஏணியில் உட்கார்ந்து கொட்டை துப்பிக்கொண்டிருந்தாள்.

“வருஷா வருஷம் வெட்டுறேன், இந்த மரத்துக்குப் புத்தியே வர மாட்டேங்குது” என்றேன்.

“நீங்க வருஷா வருஷம் வந்து வெட்டுறீங்கல்ல, அப்புறம் அதுக்கு எதுக்குப் புத்தி?” என்றாள். “கத்திதான் முதல்ல வந்திருக்கணும். கத்தி இருக்குங்கிற தைரியத்துலதான் தப்பெல்லாம் முளைக்க ஆரம்பிச்சிருக்கும். இப்போ கத்தியை எடுத்துட்டுப் போங்க பார்ப்போம், மரமே மிஞ்சாது.”

என் தோப்பைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் கோதுமையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். பெர்லின்காரர்களுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அவளுக்கு இது தெரிந்திருக்கிறது, இல்லையா?

அவள் எங்கே, வீப்கெ?

அண்ணன்,
ஹின்ரிஹ்


யோர்க், 14 ஜனவரி 1990

வீப்கெ,

பண்டிகைக்கு வரவில்லை. தொலைபேசியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி உனக்காக வைத்த வாத்துத் துண்டை நான்தான் சாப்பிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறதா என்பதையாவது எழுது.

ஹின்ரிஹ்


ஹோல்ஸ்பாஹ், 21 ஜனவரி 1990

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பண்டிகை நாட்களில் வீட்டில்தான் இருந்தேன். சூப் வைத்துச் சாப்பிட்டேன். தூங்கினேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. இதை அனுப்பிவிடுவேன்.

அந்தப் படங்களைப் படித்தது நான். கறுப்புக் கோடுகளைக் கீழிருந்து மேலாக ஓர் எழுத்து, ஓர் எழுத்தாகப் படிப்பதுதான் என் வேலை. டோர்ட்டே மூலத்தையும் நகலையும் தனித்தனியாகத் தயார் செய்து தந்தாள். ஒரே மரபணுவில் ஒன்பது இடங்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூலத்தில் சி, நகலில் டி. எப்போதும் அந்தப் பக்கமாகவே, ஒருமுறைகூட எதிர்ப்பக்கமாக இல்லை. “பிழைன்னா ரெண்டு பக்கமும்தானே வரணும், வீப்கெ?” என்று டோர்ட்டே கேட்டாள். மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அமெலுங் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அதே ஒன்பது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதட்டவில்லை. காபி கொடுத்தார். “கோதுமை தப்பு பண்ணாதும்மா, நாமதான் பண்ணுவோம்” என்றார். டோர்ட்டேவுக்குப் பரபரப்பான ஆய்வேடு தேவைப்படுகிறது, மாதிரிகள் கலந்திருக்கும், அல்லது எனக்கு வேலை அதிகமாகிவிட்டது, எதுவானாலும் ஆய்வகத்தின் பெயர் கெட வேண்டாம் என்றார். என் பதவி அந்த வருஷம்தான் நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

மூன்றாவது முறை படித்தேன். அப்போது எனக்குக் கண் மங்கலாகிவிட்டது, எது சி எது டி என்றே தெரியவில்லை. குறிப்பேட்டில் ஒன்பது டியையும் அடித்தேன். எங்கள் வழக்கப்படி ஒரே கோடுதான் போட வேண்டும். அடியில் இருப்பது தெரிய வேண்டும், பக்கத்தில் காரணமும் கையெழுத்தும் வேண்டும். “வாசிப்புப் பிழை” என்று ஒன்பது முறை எழுதினேன்.

நவம்பரில் கூட்டம். ஐந்து பேர் இருந்தார்கள். அமெலுங் கேட்டார், “செல்வி க்வாஸ்ட், என்ன நடந்தது?”

“வாசிப்புப் பிழைங்க.”

டோர்ட்டே என்னைப் பார்த்தாள். “நேத்து நீங்க அப்படிச் சொல்லலையே” என்றாள். இரண்டு வாரத்தில் மேசையைக் காலி செய்தாள். அவள் பெட்டி கட்டும்போது நான் இருட்டறையில் இருந்தேன். வேலை இருந்தது என்று சொல்லலாம். அடுத்த கோடையில் அலமாரியிலிருந்து அந்தப் படங்களை எடுத்து உனக்கு அனுப்பினேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

இப்போது அமெலுங் எழுதித் தந்திருக்கும் வாசகம் இது: வேறுபாடுகளை முதலில் கவனித்தவர் டாக்டர் அமெலுங், மேலும் ஆராயச் சொன்னார், அவர் வெளியூர் சென்றிருந்தபோது உதவியாளர் தவறுதலாக அவற்றை அடித்துவிட்டார். டோர்ட்டேவின் பெயர் அதில் எங்கும் இல்லை. கையெழுத்துப் போட்டால் தலைமை உதவியாளர் பதவி. போடாவிட்டால், படங்கள் காணாமல் போனதை விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார். அதையும் அன்பாகத்தான் சொன்னார். பிப்ரவரி கடைசி வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

உனக்கும் அவளைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் உன்னைப் பிடித்திருந்தது. மூன்று வருஷமாக நீ அவளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் வானிலை எழுதினேன்.

அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் தெரிகிறது, வலிக்கவில்லை.

வீப்கெ


ஹோல்ஸ்பாஹ், 18 பிப்ரவரி 1990

அன்புள்ள அண்ணா,

நாலு வாரமாகிவிட்டது. போன மாதம் புயல் அடித்தபோது எல்பெ ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரை உடையவில்லை என்று வானொலியில் கேட்டேன். தோப்பு எப்படி? கூரை?

நீ எழுதாததில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படுகிற இடத்தில் நான் இல்லை. அமெலுங் மார்ச் கடைசி வரை நேரம் தந்திருக்கிறார். தினமும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள் பேனாவைத் திறந்தும் வைத்தேன்.

நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போதும்.

வீப்கெ


யோர்க், 11 மார்ச் 1990

அன்புள்ள வீப்கெ,

நான் நன்றாக இருக்கிறேன். ஜனவரிப் புயலில் கொட்டகைக் கூரை பாதி போனது. இரண்டாவது புயலில் மீதியும் போனது. முப்பத்தோரு மரங்கள் சாய்ந்தன. கரை நின்றது. தண்ணீர் மேல் படி வரை வந்து, யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. உன் படங்கள் கூரையோடு பறந்துவிட்டன. நாலைந்து வேலியில் சிக்கியிருந்தன. எடுத்துக் காயவைத்தேன், ஒன்றிலும் கோடு மிஞ்சவில்லை. இனி உன் பேச்சும் அந்தக் குறிப்பேடும்தான் சாட்சி.

ஏழு வாரம் எழுதாததற்கு மரம் காரணம் இல்லை. உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, ஒரு நாள். அப்புறம் எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்துவிட்டது.

86 டிசம்பரில் டோர்ட்டே எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நடந்ததையெல்லாம் எழுதியிருந்தாள். உன்னைத் திட்டவில்லை. “உங்க தங்கச்சிகிட்ட ஒரு தடவை கேளுங்க, அவங்க என்ன பார்த்தாங்கன்னு. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டாங்க” என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் உன்னைக் கேட்கவில்லை. அவளுக்குப் பதிலும் போடவில்லை. நீ பதினாலு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறவள், அவள் இரண்டு வாரம் வந்து போனவள், நான் என் தங்கை பக்கம் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் நீ என்ன சொல்லுவாயோ என்ற பயம்தான் உண்மை. பிறகு மூன்று வருஷமாக ஒன்றும் தெரியாதவன் மாதிரி உன்னிடம் “டோர்ட்டே எப்படி இருக்கிறாள்” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயாகச் சொல்லிவிட்டால் நான் கேட்க வேண்டியிருக்காது பார். வெட்கமாக இருக்கிறது, வீப்கெ. இந்த வயதில் வெட்கப்படுவது சுலபமாக இல்லை.

அவள் உறையின் பின்பக்கம் ஃப்ளென்ஸ்பர்க் முகவரி இருந்தது, அவள் அத்தை வீடு. தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடு, போடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலை போனால் இங்கே உனக்கு அறை இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஹின்ரிஹ்


ஹோல்ஸ்பாஹ், 1 ஏப்ரல் 1990

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கவில்லை. நாம் இருவரும் ஒரே வீட்டில்தான் வளர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அமெலுங்கின் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நானே ஒன்றரைப் பக்கம் எழுதி நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்தேன். முதலில் பார்த்தது டோர்ட்டே கல்வைட், படித்தது நான், அடித்தது நான், அடிக்கச் சொன்னது யார் என்பதும், படங்களை எடுத்தது நான் என்பதும். குழுவில் மூன்று பேர். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். ஒருவர் கடைசியில் “இதை இப்போ சொல்றதால யாருக்கு என்னங்க லாபம்?” என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். “எனக்குத் தெரியலைங்க” என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அமெலுங் இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறுகிறார். முன்பே முடிவானதுதான். விருந்து உண்டாம். அந்த அத்தியாயம் புதிய பதிப்பில் இருக்காது. என்னைப் படம் படிப்பதிலிருந்து எடுத்து, கண்ணாடிக் கலங்கள் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வெந்நீர் இருப்பதால் கை சூடாக இருக்கிறது. சம்பளம் அதேதான். மற்றவர்கள் காலையில் வணக்கம் சொல்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

நிம்மதி வரும் என்று எங்கோ எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அது வரவில்லை என்பதைக் கவனித்தேன். அவ்வளவுதான்.

குழுவுக்கு எழுதியதன் நகலையும், உனக்கு ஜனவரியில் எழுதிய கடிதத்தில் கூட்டத்தைப் பற்றிய பகுதியை மறுபடி எழுதி அதையும் ஃப்ளென்ஸ்பர்க் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். அத்தை இருக்கிறாளோ இல்லையோ.

சாய்ந்த இடத்தில் புதிய கன்று வைத்துவிட்டாயா?

உன் தங்கை,
வீப்கெ


ஃப்ளென்ஸ்பர்க், 6 மே 1990

மதிப்புக்குரிய செல்வி க்வாஸ்ட் அவர்களுக்கு,

உங்கள் உறை அத்தை வழியாக வந்தது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் நலம். தோட்டக்கலை தொழிற்பள்ளியில் மண்ணும் உரமும் சொல்லித் தருகிறேன். வேலை நிரந்தரம். பிள்ளைகள் பரவாயில்லை.

உங்கள் நிர்வாகக் குழுவும் எழுதியிருந்தது. ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பிக்கலாமாம். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். மூன்று ஆய்வகங்கள் அச்சிட்ட பிறகு, நான் நான்காவதாக எதைச் சமர்ப்பிப்பது? டிசம்பரில் நூலகத்தில் நின்றபடியே அந்தக் கட்டுரைகளைப் படித்தேன். என் பேருந்து போய்விட்டது. அடுத்ததில் வந்தேன். அன்று மாலை மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கே ஆச்சரியம்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் அண்ணனிடமிருந்து பதில் வராத பிறகு, நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அமெலுங் சொன்னதை நான் நம்பவில்லை, நீங்கள் சொன்னதை நம்பினேன். அந்தக் கட்டடத்தில் படம் படிப்பதில் தவறே செய்யாத ஒரே ஆள் நீங்கள். நீங்கள் பிழை என்றால் அது பிழைதான். அப்படியானால் நான்தான் ஆசைப்பட்டு இல்லாததைப் பார்த்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன். 87இல் இரண்டு முறை மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். கண்ணில் கோளாறு இல்லை என்று இரண்டு மருத்துவர்களும் சொன்னார்கள். அப்படியானால் புத்தியில் என்று நினைத்தேன். மூன்று வருஷம் எதையும் ஒருமுறை பார்த்து நம்ப முடிந்ததில்லை. பூட்டிய கதவை, அணைத்த அடுப்பை, பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன். பழகிவிட்டது.

உங்கள் அண்ணனுக்குத் தனியாக எழுத மாட்டேன். அவருக்கு என்மேல் கடமை எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழுவுக்கு எழுதியதில், மூன்றாம் முறை கண் மங்கிவிட்டது, எழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மையா? எந்தப் பதிலானாலும் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
டோர்ட்டே கல்வைட்


ஹோல்ஸ்பாஹ், 8 மே 1990

மதிப்புக்குரிய செல்வி கல்வைட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நீங்கள் நலம் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். நானும் அப்படியே. உடனே எழுதுகிறேன், வைத்திருந்தால் மாற்றி எழுதிவிடுவேன்.

உண்மை இல்லை. என் அண்ணனுக்கும் அப்படித்தான் எழுதினேன், குழுவுக்கும் அப்படித்தான் எழுதினேன். எனக்கு நானே பலமுறை சொல்லி, கிட்டத்தட்ட நம்பவும் தொடங்கியிருந்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தேன். புதிய விளக்கு போட்ட ஒளிமேசை. படங்கள் மிகச் சுத்தமாக இருந்தன. நீங்கள் தயாரித்தவை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. ஒன்பது இடத்திலும் டி. முதல் இடத்தைப் பார்த்தேன், டி. அடித்தேன். இரண்டாவதைப் பார்த்தேன், டி. அடித்தேன். ஒன்பதாவது வரை ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன், மூன்று முறையும்.

வீப்கெ க்வாஸ்ட்